ஊர் எல்லையில் சொன்ன பொய்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். எழுதித் தருகிறேன் என்றேன். பேச ஆரம்பித்தால் நான் திட்ட ஆரம்பித்துவிடுவேன். கொடைக்கானலிலும் மேல்மலைக் கிராமங்களிலும் என்னோடு வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். எழுத்தில் திட்டினால் அடித்துவிட்டு மாற்றி எழுதலாம்.

மருந்து எவ்வளவு, எத்தனை மணிக்கு ஒரு தடவை, புண்ணை எப்படிக் கட்டுவது என்பதையெல்லாம் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். பயிற்சி வகுப்பில் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்றுகூடப் படம் போட்டுக் காட்டுகிறார்களாம். எங்கள் காலத்தில் அது இல்லை. இருந்திருந்தாலும் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியிருப்பேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற எண்ணம் எனக்கு ரொம்ப வருஷம் இருந்தது. அந்த எண்ணம் எப்படிப் போனது என்பதைத்தான் எழுதுகிறேன்.

குழந்தைவேல் மேல்மலையில் கவுஞ்சி என்ற ஊர்க்காரர். படிப்படியான வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிறவர். ஐம்பத்தேழு வயது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோய் என்று கண்டுபிடித்து மருந்து ஏற்றினார்கள். நோய் கொஞ்ச நாள் ஒளிந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தது. இனி குணமாக்க வழியில்லை, வலியும் கஷ்டமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எங்கள் நோய் ஆதரவுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அவர் மனைவி பொன்னுத்தாய். பிள்ளைகள் இல்லை. பக்கத்து வீட்டில் அவருடைய அண்ணன் குடும்பம்.

வாரம் ஒரு முறை ஜீப்பில் போவேன். ஓட்டுவது காதர் பாய். கொடைக்கானல் பஜாரில் அண்ணன் தம்பிகள் எல்லாம் கடை வைத்திருக்க, இவர் மட்டும் கடையில் உட்கார முடியாது என்று வண்டி ஓட்ட வந்தவர்.

இரண்டாவது முறை போனபோது குழந்தைவேலின் ஈறில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. பொன்னுத்தாய் வயலுக்குப் போயிருந்தாள். நான் வாயைச் சுத்தம் செய்ய எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போது அவரே பேச்செடுத்தார்.

“சிஸ்டர், எங்க ஊர்ல ஒரு வழக்கம் இருக்கு. வெளிய செத்தவங்கள ஊருக்குள்ள கொண்டு வரக் கூடாது. எல்லையிலயே படுக்க வச்சு, அங்கனயே எல்லாஞ் செஞ்சு, அப்படியே சுடுகாட்டுக்குத் தூக்கிருவாங்க. எங்க சித்தப்பா மகன் கொடைக்கானல் ஆஸ்பத்திரியில போனான். மழை. தார்ப்பாய் போட்டு ரோட்டுல கெடந்தான். அவன் பொண்டாட்டி வீட்டுக்கும் ரோட்டுக்கும் ஓடிக்கிட்டே இருந்தா.”

“ம்.”

“நான் வீட்டுக்குள்ள போகணும் சிஸ்டர். அம்புட்டுத்தான்.”

என் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். எங்கள் வீடுகளில், எங்கே செத்தாலும் பிணத்தை வீட்டுக்குத்தான் கொண்டு வருவோம். அவர் சொன்னது எனக்கு ஒரு ஊர்க்கதையாகத்தான் காதில் விழுந்தது. அதோடு, நல்லபடியாக இருக்கிற நேரத்தில் சாவைப் பற்றிப் பேச விடுவது நர்ஸுக்கு அழகில்லை என்றும் நினைத்தேன்.

“அதெல்லாம் இப்ப எதுக்குங்க? வாயத் தெறங்க, கழுவி விடறேன்” என்றேன்.

அவர் திறந்தார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவர் என்னிடம் எடுக்கவே இல்லை. இந்த வேலையில் நான் செய்த முதல் தப்பு எது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன். நோயாளி ஒரு தடவைதான் கதவைத் திறப்பார். நாம் பஞ்சும் தண்ணீருமாகக் கையில் வேலை வைத்துக்கொண்டிருப்போம்.

இரண்டாவது தப்பு, ஊரே என்னைப் பாராட்டிய தப்பு.

மற்றப் புற்றுநோய்களில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்துக்கொண்டே போவது வீட்டுக்காரர்கள் கண்ணுக்குத் தெரியும். இது அப்படி இல்லை. இன்றைக்குச் சுருண்டு கிடப்பார். ரத்தம் ஏற்றினால் மறுநாள் எழுந்து உட்கார்ந்து ரசம் கேட்பார். வீட்டுக்காரர்களுக்குப் பிழைத்துவிட்டார் என்றே தோன்றும். நமக்கும்தான். ஆனால் அந்த ரத்தத்துக்கு மலையை விட்டு இறங்கி, வத்தலக்குண்டு தாண்டிப் போக வேண்டும். போக அரை நாள், வர அரை நாள். அங்கே ஏற்றுகிற ஒவ்வொரு பைக்கும் பதிலாக ஒரு ஆள் ரத்தம் கொடுக்க வேண்டும்.

மேல்மலையில் வயல் வேலைக்கு ஒருவருக்கொருவர் முறை வைத்துப் போவார்கள். இன்றைக்கு உன் வயலில் நான் பூண்டு பிடுங்கினால் நாளைக்கு என் வயலில் நீ. அதைப் பார்த்து எனக்கு யோசனை வந்தது. குழந்தைவேலின் அண்ணனைக் கூப்பிட்டு, ரத்தத்துக்கும் அதேபோல் முறை வையுங்கள் என்றேன். ஒரே வாரத்தில் ஏற்பாடாகிவிட்டது. வீட்டுக்கு ஒரு ஆள். முறைக்காரர் முதல் நாளே பஸ்ஸில் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவார். எந்த ஊரிலும் பார்க்காத ஒற்றுமை. நான் பெருமைப்பட்டேன், போகிற இடமெல்லாம் சொன்னேன். மேல்மலையிலேயே இன்னொரு ஊரான போளூரில்கூட இதைப் பார்த்து, எங்களுக்கும் இப்படி முறை வைத்துத் தாருங்கள் என்று ஒரு குடும்பம் கேட்டது.

அதை ஆரம்பித்து வைக்கத் தெரிந்த எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்த வேண்டியிருக்கும் என்பதே தோன்றவில்லை.

மூன்று மாதம் போனது. கீழே ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஒரு நாள் போன் செய்தார். என்னைவிட இருபது வயதாவது சின்னவர்.

“சிஸ்டர், இப்ப ஏத்துற ரத்தம் ரெண்டு நாள்கூட நிக்கல. இனிமே அவர் இங்க வர்றதும் வராததும் அவர் விருப்பம். வந்தா வழியிலயே ஏதாவது ஆகலாம். அவர்கிட்ட கேளுங்க. அவர்கிட்ட மட்டும், தனியா.”

எனக்குக் கோபம் வந்தது. நேற்று வந்த பிள்ளை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறதா என்று. சரி டாக்டர் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

மறுநாள் கவுஞ்சியில் வண்டியை விட்டு இறங்கும்போதே வீட்டுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். அறுவடைக் காலம். பிடுங்கிய பூண்டைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். குழந்தைவேலின் வயலையும் அவர்கள்தான் பிடுங்கியிருந்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்ததும், “அடுத்த முறைக்கு ஆள் ரெடியா இருக்கு சிஸ்டர்” என்றார். முறைக்காரர் பல் தெரியச் சிரித்தார்.

உள்ளே போய்க் குழந்தைவேலிடம் கேட்டிருக்க வேண்டும். அல்லது பொன்னுத்தாயைத் தனியாகக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று, டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, “என்ன தாயி, இன்னொரு தடவ கூட்டிட்டுப் போவமா, இல்ல போதுமா?” என்று அவளிடம் கேட்டேன். வெளிப்படையாகக் கேட்டுவிட்டேன் என்று திருப்தி வேறு.

பொன்னுத்தாய் கையிலிருந்த பூண்டுக் கட்டைக் கீழே வைத்தாள். கொழுந்தன் முறையாகும் அந்த முறைக்காரர், “நான் இருக்கேன் மதினி, நீங்க கவலப்படாதீங்க” என்றார். அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கூட்டிட்டுப் போவோம் சிஸ்டர்” என்றாள்.

வேறு என்ன சொல்லியிருப்பாள்? ஊரே தன் ரத்தத்தை எடுத்து நீட்டிக்கொண்டு நிற்கும்போது, வேண்டாம், அவர் வீட்டிலேயே கிடக்கட்டும் என்று ஒரு பொண்டாட்டி சொல்ல முடியுமா? சொன்னால் காலத்துக்கும் புருஷனைச் சாக விட்டவள் என்ற பேர். அந்த இடத்தில் நின்று அந்தக் கேள்வியைக் கேட்டதே அநியாயம். நான் உள்ளே போய், “நாளைக்கு வெள்ளனே கெளம்பணும்” என்று குழந்தைவேலிடம் சொன்னேன். சரிங்க சிஸ்டர் என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மருந்துப் பையைக் கட்டினேன்.

கீழே கொண்டு போய் ரத்தம் ஏற்றினோம். இந்த முறை ரசம் கேட்கவில்லை. காய்ச்சல் ஏறியது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து பார்வை போய்விட்டது. வெளிச்சம் மட்டும் தெரிகிறது என்றார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நாளோ ஒன்றரை நாளோதான், இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றார். தனியாகக் கேட்டீர்களா என்று கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு நல்ல மனது.

பொன்னுத்தாய் ஒரே சொல்தான் சொன்னாள். “வீட்டுக்கு.”

விடிந்ததும் அண்ணனுக்குப் போனில் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். பின்சீட்டை மடக்கி மெத்தை போட்டு அவரைப் படுக்க வைத்தோம். தலை பொன்னுத்தாய் மடியில். ஆஸ்பத்திரியில் போட்டுவிட்ட சலைன் பாட்டில் ஜீப் கம்பியில் தொங்கியது. அதனால் இனி ஒரு பிரயோசனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கழற்றவில்லை. ஏதோ செய்துகொண்டிருக்கிறோம் என்று நமக்கே தோன்ற வேண்டுமே. ரத்தம் கசிந்தால் பார்க்கிறவர்கள் பயப்படாமல் இருக்க, கருஞ்சிவப்புத் துண்டுகளை அவர் தலைக்கடியில் வைத்திருந்தேன். அதை மட்டும் உருப்படியாகச் செய்தேன்.

மலையேற ஆரம்பித்ததும் கேட்டார். “ஊரு வந்துருச்சா?”

“இல்லீங்க, இப்பத்தான் ஏறுறோம்” என்றேன்.

கொடைக்கானலில் சீசன் கூட்டம். ஏரிப் பக்கம் சுற்றுலா வேன்கள் ஒன்றன் பின்னால் ஒன்றாக நின்றன. குதிரையில் போகிறவர்கள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் நகரவே முடியவில்லை. குழந்தைவேலின் மூச்சு மாறிவிட்டிருந்தது. இழுப்பார், நிறுத்துவார், மறுபடி இழுப்பார்.

காதர் பாய் திரும்பிப் பார்த்து, “ஆஸ்பத்திரிக்குத் திருப்பவா சிஸ்டர்?” என்றார்.

திருப்பியிருந்தால் ஒரு கட்டிலும் மறைப்பும் கிடைத்திருக்கும். வளைவுக்கு வளைவு உடம்பு உருளாமல் படுத்திருப்பார். ஆனால் எல்லைக்கு வெளியே. அவர் சித்தப்பா மகன் போன அதே இடம். அன்றைக்கு வாயைத் திறங்க என்று சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாய் கேட்டதற்கு நான் பொன்னுத்தாயின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. போங்க பாய் என்றேன்.

பூம்பாறை தாண்டியதும் இன்னொரு முறை கேட்டார். குரல் வெளியே வரவில்லை. உதடு மட்டும்தான் அசைந்தது. “ஊரு வந்துருச்சா?”

நான் வாட்சைப் பார்த்தேன். “இன்னும் ஒரு மணி நேரம் இருக்குங்க. கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

“ஒரு மணி நேரமா” என்றார்.

அதுதான் அவர் கடைசியாகப் பேசியது. மன்னவனூர்ப் பிரிவைத் தாண்டி, பைன் மரங்களுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது மூச்சை இழுத்தார், விட்டார். அடுத்தது வரவில்லை. நான் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். நெஞ்சில் வைத்துப் பார்த்தேன். பழக்கதோஷத்தில் என் கை சலைன் குழாயை மூடப் போனது.

“சிஸ்டர்” என்றாள் பொன்னுத்தாய். அழவில்லை. “கைய எடுங்க. பாட்டில் ஓடட்டும்.”

காதர் பாய் வண்டியை ஓரம் கட்டினார். கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்து, அவர்கள் வழக்கப்படி வாய்க்குள் ஏதோ ஓதினார். அப்புறம், “சொல்லுங்க சிஸ்டர். என்ன செய்யணுமோ செய்யலாம்” என்றார்.

சட்டப்படி, முறைப்படி என்றெல்லாம் அந்த நேரத்தில் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். நினைத்தேன். செத்தவரை மறைத்து உள்ளே கொண்டு போனது வெளியே தெரிந்தால் கவுஞ்சியில் மட்டுமில்லை, அதற்கப்பால் எந்த ஊரிலும் எங்கள் ஜீப்பை வாசலில் நிற்க விட மாட்டார்கள். போளூரில் வலி மாத்திரைக்காக என்னை எதிர்பார்த்துப் படுத்திருக்கிற இன்னொருவர் நினைவுக்கு வந்தார். ஊர் வழக்கத்தை ஏமாற்ற வெளியூர்க்காரியான நான் யார் என்றும் நினைத்தேன். ஆனால் அவரை வெளியே கொண்டு வந்தது நான். நாளைக்கு வெள்ளனே என்று சொன்ன வாய் என்னுடையது.

“வெரசாப் போங்க பாய்” என்றேன். “உசுரோட கூட்டிட்டுப் போறப்ப எப்படிப் போவீங்களோ அப்படிப் போங்க.”

பொன்னுத்தாய் துண்டை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். குல்லாவைக் காது மறைய இழுத்துவிட்டாள். கம்பளியைக் கழுத்துவரை போர்த்தினாள். பிறகு அவரோடு பேச ஆரம்பித்தாள். நம்ம பூண்டெல்லாம் கட்டி வச்சாச்சு, விதைக்கு எடுத்து வச்சது மச்சுல கெடக்கு, கீழ வயல்ல தண்ணி நின்னுச்சு வடிச்சு விட்டாச்சு என்று ஊர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள். நான் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தேன். ஒரே பனிமூட்டம்.

ஊர் எல்லையில் அண்ணன் நின்றார், கம்பளி போர்த்திய ஆட்கள் சுற்றி நின்றார்கள். காதர் பாய் வேகத்தைக் குறைத்தார்.

“தம்பி எப்படி இருக்கான் சிஸ்டர்?”

முப்பது வருஷ சர்வீஸில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ செய்தி சொல்லியிருக்கிறேன். இரண்டே சொல் சொல்ல இவ்வளவு கஷ்டப்பட்டதில்லை.

“மூச்சு இருக்கு.”

அண்ணன் ஜீப்பின் பின்பக்கம் வந்தார். கம்பளிக்குள் கையை விட்டுத் தம்பியின் பாதத்தைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் குளிரில் எல்லோருடைய பாதமும் சில்லென்றுதான் இருக்கும். அவர் கைக்கு என்ன தெரிந்தது என்று நான் கேட்டதில்லை.

“ஏலே, வெலகுங்கடா” என்று கத்தினார். “உசுரு இருக்கப்பவே உள்ள கொண்டு போகணும்.”

அண்ணன் தலைப்பக்கம் பிடிக்க, மற்றவர்கள் சுமக்க, நான் பாட்டிலை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். சொட்டுச் சொட்டாக அது இறங்கிக்கொண்டேதான் இருந்தது. வீட்டுக்குள் படுக்க வைத்தார்கள். அண்ணன் பால் ஊற்றினார். கடைவாயில் வழிந்தது. நான் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, போயிட்டாரு என்றேன். அதற்கப்புறம்தான் பொன்னுத்தாய் அழுதாள். அவளுடைய அந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை.

பதிவேட்டில் இறந்த இடம் என்ற கட்டத்தில் வீடு என்று எழுதினேன். அந்த வருஷக் கூட்டத்தில், விரும்பியபடி வீட்டிலேயே இறந்தவர்கள் என்ற வரிசையில் அவரையும் சேர்த்து வாசித்தார்கள். கை தட்டினார்கள். நானும் தட்டினேன். உங்கள் கைக்கு இனிமேல் அந்தப் படிவங்கள் வரும். அந்தக் கட்டத்தைப் பார்த்தால் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள்.

அதிலிருந்து முதல் முறை ஒரு வீட்டுக்குப் போகும்போதே, நோயாளியைத் தனியாக வைத்துக்கொண்டு, எங்கே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டுவிடுவேன். ரத்தம் ஏற்ற ஆரம்பிக்கும்போதே, இதை ஒரு நாள் நிறுத்துவோம், அந்த நாளை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடுவேன். வீட்டுக்காரர்களைக் கூட்டத்தில் வைத்து எதையும் கேட்க மாட்டேன். இதெல்லாம் நான் நல்லவள் ஆகிவிட்டதால் இல்லை. பதினாறாம் நாள் கழித்துப் பொன்னுத்தாயைப் பார்க்கப் போனேன், அதனால்.

நோயாளி போன பிறகும் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நம் வேலையில் ஒரு பகுதி. அவள் பூண்டுத் தாளை அறுத்துக்கொண்டிருந்தாள். காபி கொடுத்தாள். ஊரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை என்றாள். உள்ளுக்குள் நான் நன்றி எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

“நீங்க ஊருக்குச் சொன்ன பொய்யில எனக்கு ஒரு கொறையும் இல்ல சிஸ்டர்” என்றாள். “என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். ஆனா அதெல்லாம் எங்களுக்குத்தான. அவருக்கு என்ன ஆச்சு? பூம்பாறை தாண்டினதும் கேட்டாருல்ல, ஊரு வந்துருச்சான்னு. ஒரு மணி நேரம்னீங்க. கண்ணு தெரியாமத்தான கெடந்தாரு. வந்துட்டோம், வாசல்ல நிக்கிறோம்னு சொல்லிருந்தா, வீடு சேந்துட்டோம்னு நெனச்சுக்கிட்டே போயிருப்பாரு.”

நான் காபியை ஆற்றினேன்.

“நான் சொல்லத்தான் வாயெடுத்தேன்” என்றாள். “நீங்க முந்திக்கிட்டீங்க.”

சொல்லிவிட்டு அவள் பூண்டை எடுத்தாள். நான் காபியைக் குடித்து முடித்தேன்.